மோட்டர்வேயில் லேன் தொல்லை: அறிகுறியைப் பார்த்து வழி தேடுங்கள்

பிரிட்டனில் மோட்டர்வே ஓட்டுகிற நம்மவர்கள் கூடினால் புலம்பல் ஒரே மாதிரிதான் இருக்கும். "நடு லேனை விட்டு நகரவே மாட்டேங்கிறான்." "பின்னாடியே ஒட்டிக்கிட்டு வர்றான்." "ஸ்லிப் ரோட்டிலிருந்து உள்ளே விடவே மாட்டேங்கிறாங்க." (ஸ்லிப் ரோடு என்பது மோட்டர்வேக்குள் நுழையவும் வெளியேறவும் உள்ள இணைப்புச் சாலை.) ஒவ்வொன்றுக்கும் என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்று கீழே தனித்தனியாக எழுதியிருக்கிறேன். உங்களுக்கு எது நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்த இரண்டு பகுதிகளை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

தொடங்குமுன்

இடது ஓரத்தில் இருப்பது லேன் 1. அதற்கு வலப்பக்கம் 2, பிறகு 3. பிரிட்டனின் அதிகாரபூர்வச் சாலை விதி நூலான ஹைவே கோடின் 264ஆம் விதி சொல்வது சுருக்கமானது: முந்தாதபோது இடது லேனில் இருங்கள், முந்தி முடித்ததும், பாதுகாப்பாக இருந்தால், இடது லேனுக்குத் திரும்புங்கள். லாரிக்கு லேன் 1, காருக்கு லேன் 2, பெரிய காருக்கு லேன் 3 என்று எந்தப் பங்கீடும் கிடையாது. காலியான சாலையில் எல்லோருக்கும் லேன் 1தான்.

சென்னை திருச்சி சாலையில் ஓட்டிப் பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். அங்கே லாரி மீடியனை ஒட்டியே போகும். இடப்பக்கம் புகுந்து முந்துவது தினசரி வழக்கம். சமிக்ஞைகளும் வேறு. ஊரில் எதிரே வருகிறவர் லைட் அடித்தால் "நான் வர்றேன், நீ நில்" என்று பொருள். இங்கே பலர் அதை "நீங்க வாங்க" என்பதற்குப் பயன்படுத்துகிறார்கள். ஹைவே கோடோ இரண்டையும் ஏற்பதில்லை. நான் இங்கே இருக்கிறேன் என்று தெரிவிக்க மட்டுமே லைட் அடிக்கலாம் என்கிறது. ஊரில் முன்னால் போகும் லாரி வலது இண்டிகேட்டர் போட்டால் "தாண்டிப் போ" என்று சைகை காட்டுகிறார் என எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. இங்கே அதே இண்டிகேட்டர் எரிந்தால் அந்த 44 டன் உங்கள் லேனுக்குள் வரப்போகிறது. ஊரில் பழகிய அந்த ஒரு அர்த்தத்தை மட்டும் எப்படியாவது மறந்துவிடுங்கள்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. நடு லேனைப் பிடித்துக்கொண்டு போவது, முன்வண்டியை ஒட்டிப் போவது போன்றவற்றுக்கு 2013 ஆகஸ்ட் முதல் போலீசார் நேரடியாக 100 பவுண்டு அபராதமும் லைசென்சில் 3 பாயிண்டும் (தண்டனைப் புள்ளி) போடலாம். இந்திய, இலங்கை லைசென்சை வைத்து இங்கே குடியேறிய முதல் 12 மாதங்கள்தான் ஓட்ட முடியும்; பிறகு டெஸ்ட் எழுதி, ஓட்டிக் காட்டித் தேற வேண்டும். தேறிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு நீங்கள் புது டிரைவர். ஊரில் இருபது வருடம் ஓட்டியிருந்தாலும் அப்படித்தான். அந்த இரண்டு ஆண்டுக்குள் 6 பாயிண்ட் சேர்ந்தால் லைசென்ஸ் ரத்து. புரொவிஷனலில் (பழகுநர் லைசென்ஸ்) இருந்து திரும்ப ஆரம்பிக்க வேண்டும். எவனோ ஒருவன் மேல் வரும் கோபத்துக்கு இவ்வளவு விலை கொடுக்கத் தேவையில்லை.

அடுத்த வண்டியில் இருப்பவரை உங்களால் திருத்த முடியாது. உங்கள் கையில் இருப்பது உங்கள் காருக்கு முன்னும் பின்னும் பக்கத்திலும் உள்ள இடம் மட்டும். கீழே வரும் வழிகளெல்லாம் அந்த இடத்தைத் திரும்பப் பெறுவதற்கானவை.

முதல் சோதனை: தொல்லை நீங்களா?

எந்தத் தலைப்புக்குப் போகுமுன்னும் இதைப் பாருங்கள். உங்களுக்கு இடப்பக்கமாக கார்கள் கடந்து போகின்றனவா? பின்னால் வருகிறவர் லேன் 1இலிருந்து லேன் 3 வரை போய், உங்களைச் சுற்றி, மறுபடி லேன் 1க்கு வருகிறாரா? அப்படியென்றால் நடு லேன் ஆசாமி நீங்கள்தான்.

இது பெரும்பாலும் திமிரால் வருவதில்லை, பயத்தால் வருவது. லேன் 1இல் லாரிகள், உள்ளே வருகிற வண்டிகள், வெளியே போகிற வண்டிகள்; லேன் 3இல் பறக்கிறார்கள்; நடுவில் இருந்தால் நிம்மதி என்று மனசு சொல்லும். உண்மையில் நடுவில்தான் இரண்டு பக்கமும் வண்டிகள் வரும். லேன் 1இல் பெரும்பாலும் ஒரு பக்கத்தைப் பார்த்தால் போதும்.

எவ்வளவு தூரத்தில் அடுத்த லாரி இருந்தால் லேன் 1க்குத் திரும்பலாம் என்று கேட்கிறார்கள். கோட் இதற்கு எண் சொல்வதில்லை. இடது லேனில் பத்துப் பதினைந்து நொடியாவது நிம்மதியாக ஓட்ட முடியும் என்றால் திரும்புங்கள் என்பேன். உள்ளே நுழைந்த கையோடு வெளியே வர வேண்டியிருந்தால், முந்துவதை முடித்துவிட்டே வாருங்கள். லேன் 1க்கும் 2க்கும் பாம்பு மாதிரி நெளிய வேண்டாம்.

அறிகுறி: லேன் 1 காலி, ஆனால் முன்னால் ஒருவர் நடு லேனிலேயே போகிறார்

ஞாயிறு காலை ஆறரை மணி. எம்1 மோட்டர்வேயில் மில்டன் கீன்ஸ் தாண்டி வடக்கே போகிறீர்கள். லேன் 1இல், சட்டம் அனுமதிக்கும் உச்ச வேகமான மணிக்கு 70 மைலில் நீங்கள். முன்னால் லேன் 2இல் 62இல் ஒருவர். கண்ணுக்கெட்டிய தூரம் வரை லேன் 1 காலி. மாலை நேர எம்25இல் இதே ஆளை நீங்கள் கவனிக்கக்கூட மாட்டீர்கள். காலிச் சாலையில்தான் உறுத்துவார்.

முதலில் வரும் ஆசை, இருக்கிற லேனிலேயே நேராகப் போய் இடப்பக்கமாகக் கடந்துவிடுவது. 268ஆம் விதி இடப்பக்கம் முந்தாதே என்கிறது. நெரிசலில் எல்லா லேனும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் நகரும்போது, உங்கள் லேன் கொஞ்சம் வேகமாகப் போனால் அதோடு போகலாம். அது மட்டும் விலக்கு. "இடப்பக்கம் முந்துதல்" என்று சட்டத்தில் தனிக் குற்றம் இல்லை என்பது உண்மை. அதை வைத்துக்கொண்டு வாதாடுகிறவர்கள் நிறைய. ஆனால் கவனமின்றி ஓட்டியதாக வழக்குப் போடப் போலீசாருக்கு அது போதும். அதைவிட முக்கியம், அந்த நடு லேன்காரர் எந்த நிமிடமும் விழித்துக்கொண்டு இடப்பக்கம் வரலாம். அவர் கண்ணாடி பார்க்கிறவராக இருந்தால் இவ்வளவு நேரம் அங்கே இருந்திருக்கவே மாட்டார்.

செய்ய வேண்டியது இது. அவரை நெருங்குவதற்கு நெடுந்தூரம் முன்பே, வேகம் குறையாமல் இருக்கும்போதே, கண்ணாடி, இண்டிகேட்டர், தோளுக்கு மேல் ஒரு பார்வை, பிறகு லேன் 2. அங்கே ஒரு மூச்சு நிலையாக ஓடுங்கள். மறுபடி கண்ணாடி, இண்டிகேட்டர், பார்வை, லேன் 3. கடந்ததும் நடுக் கண்ணாடியில் அவர் காரின் முகப்பு முழுதாகத் தெரியும்வரை காத்திருங்கள். பிறகு லேன் 2, ஒரு மூச்சு, லேன் 1. ஒரே வீச்சில் மூன்று லேனைத் தாண்டாதீர்கள். ஒவ்வொரு மாற்றமும் தனி வேலை.

அடாப்டிவ் குரூஸ் (முன்வண்டிக்கேற்பத் தானே வேகத்தை மாற்றும் வசதி) போட்டு ஓட்டுகிறவர்கள் இங்கே ஒரு வலையில் விழுவார்கள். அவருக்குப் பின்னால் லேன் 2இல் சேர்ந்துவிட்டால் கார் சத்தமில்லாமல் 62க்கு இறங்கிவிடும். பிறகு லேன் 3க்குப் போக நினைக்கும்போது அங்கே 75இல் வருகிறவனுக்கு முன்னால் 62இல் நுழைய வேண்டியிருக்கும். அதனால்தான் முன்கூட்டியே கிளம்பச் சொல்கிறேன்.

லைட் அடிப்பது, ஹாரன் அடிப்பது, அவருக்கு முன்னால் குறுக்கே வெட்டி லேன் 1க்குப் போய்ப் "பாடம்" காட்டுவது: எதுவும் வேலை செய்வதில்லை. அவர் திடுக்கிட்டு பிரேக் போடுவார், அவ்வளவுதான். தண்டனை அவருக்கு வராமலும் இல்லை. எம்62இல் நடு லேனை விடாத ஒரு வேன் டிரைவருக்கு 2015இல் நீதிமன்றம் 500 பவுண்டு அபராதமும் 5 பாயிண்டும் போட்டது. கோர்ட் செலவு தனி.

அறிகுறி: லேன் 3இல் முன்னால் போகிறவர் வழி விடவில்லை

லேன் 2இல் ஒரு கார் 68. லேன் 3இல் அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு கார் 68. பின்னால் பதினைந்து வண்டி வால் பிடித்து நிற்கிறது. லேன் 3காரர் மனதில் என்ன ஓடுகிறது என்று சொல்லிவிடலாம்: "நான் 70இல்தான் போறேன், என்னை முந்தறவன் சட்டத்தை மீறறான்."

அவருக்குத் தெரியாத ஒன்று உண்டு. காரின் மீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது, கூட்டிக் காட்டலாம் என்பதே விதி. டயலில் 70 என்றால் சாலையில் 66, 67 ஆக இருக்கலாம். சட்டத்தைக் காப்பதாக நினைத்து, சட்டப்படி போகிறவர்களையே மறித்துக்கொண்டிருப்பார்.

நீங்கள் அந்த வாலில் இருந்தால் இரண்டு நொடி இடைவெளி விட்டுக் காத்திருங்கள். பெரும்பாலும் ஒரு நிமிடத்தில் விலகிவிடும். விலகவில்லை என்றால் லேன் 1க்கு வந்து ஒரு டீ குடிக்கிற வேகத்தில் போங்கள். முன்னால் இருப்பது ஒரு கட்டி, அது கரையும்வரை அதற்குள் இருப்பதில் லாபம் இல்லை. இன்னொன்று: மூன்றோ அதற்கு மேலோ லேன் உள்ள மோட்டர்வேயில் வலது ஓர லேனுக்குள் ட்ரெய்லர் இழுக்கும் வண்டிகளும் கனரக லாரிகளும் பெரிய பஸ்களும் வரவே கூடாது. கேரவன் இழுத்துக்கொண்டு ஒருவர் அங்கே இருந்தால், அது தொல்லை இல்லை, குற்றம்.

அறிகுறி: பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டு வருகிறார்

கண்ணாடியில் அவருடைய நம்பர் பிளேட் தெரியவில்லை, ஹெட்லைட்டின் கீழ்ப்பாதி மறைந்துவிட்டது என்றால் மிக நெருங்கிவிட்டார். இந்தப் பட்டியலிலேயே ஆபத்தானது இதுதான். அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

முதல் கேள்வி: உங்கள் இடப்பக்கம் இடம் இருக்கிறதா? இருந்தால் போய்விடுங்கள். அவர் செய்வது தவறு, நீங்கள் 70இல் இருப்பது சரி, எல்லாம் ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் போய்விடுங்கள். அவர் முன்னால் போனபின் அவர் யாருடைய பிரச்சினையோ, உங்களுடையது இல்லை.

இடம் இல்லை, லாரி வரிசையை முந்திக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் வேகத்தைக் கூட்டாதீர்கள், பிரேக்கையும் தொடாதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை இலேசாகத் தளர்த்தி, உங்களுக்கும் முன்வண்டிக்கும் உள்ள இடைவெளியை இரண்டு நொடியிலிருந்து நான்கு நொடியாக்குங்கள். பலருக்கு இது புரிவதில்லை. பின்னால் நெருங்குகிறான், முன்னால் ஏன் இடைவெளி என்பார்கள். முன்னால் ஏதாவது நடந்தால் நீங்கள் சடக்கென்று பிரேக் போட வேண்டி வரக்கூடாது, அதற்காகத்தான். அவனுக்குத் தேவையான பிரேக் தூரத்தையும் நீங்களே முன்னால் சேர்த்து வைக்கிறீர்கள்.

நொடியை எப்படி எண்ணுவது? மோட்டர்வே ஓரத்தில் 100 மீட்டருக்கு ஒன்றாகச் சிறிய குறிக்கம்பங்கள் நிற்கும். முன்வண்டி ஒரு கம்பத்தையோ பாலத்தின் நிழலையோ தாண்டும்போது "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு" என்று சாதாரணமாகச் சொல்லுங்கள். சொல்லி முடிக்குமுன் நீங்கள் அந்த இடத்தை அடைந்தால் நெருக்கம் அதிகம். 70 மைல் வேகத்தில் கார் நொடிக்கு 31 மீட்டர் ஓடுகிறது. இரண்டு நொடி என்பது 62 மீட்டர், அதாவது இரண்டு கம்பங்களுக்கு நடுவே பாதிக்கும் கொஞ்சம் கூடுதல். ஹைவே கோட் சொல்லும் நிறுத்தத் தூரம் அதே வேகத்தில் 96 மீட்டர், கிட்டத்தட்ட முழுக் கம்ப இடைவெளி. மழையில் இரண்டு நொடியை நான்காக்கச் சொல்கிறார்கள்.

இரவில் ஒட்டி வருகிறவரின் வெளிச்சம் கண்ணில் குத்தினால் நடுக் கண்ணாடியின் அடியில் உள்ள சிறு நெம்பைத் தட்டி மங்கலாக்குங்கள். பின் ஃபாக் லைட்டைப் போட்டுக் காட்டுவதை யாராவது யோசனையாகச் சொன்னால் கேட்காதீர்கள். 100 மீட்டருக்குக் கீழே பார்வை குறையும்போது மட்டுமே அதைப் போடலாம். பிரேக்கைத் தட்டிச் சிவப்பு காட்டுவது அதைவிட மோசம். மோதினால் வீடியோவில் தெரியப்போவது உங்கள் பிரேக் லைட்.

அறிகுறி: ஒரு லாரி இன்னொரு லாரியை முந்துகிறது, முடியவே மாட்டேன் என்கிறது

கனரக லாரிகளில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இருக்கும். 56 மைலுக்கு மேல் போகாது. ஒன்று 56இல் முட்டும், இன்னொன்று 55இல். வித்தியாசம் மணிக்கு 1 மைல். ஒவ்வொன்றும் 16 மீட்டருக்கு மேல் நீளம். முன்பின் இடைவெளியும் சேர்த்துக் கடக்க வேண்டியது ஏறத்தாழ 80 மீட்டர். கணக்குப் போட்டால் 3 நிமிடம் ஆகும். மூன்று லேன் சாலையில் உங்களுக்கு லேன் 3 இருக்கிறது. எம்50, ஸ்டான்ஸ்டெட்டுக்கு வடக்கே எம்11 போன்ற இரண்டு லேன் சாலைகளில் எதுவும் இல்லை. பின்னால் போக வேண்டியதுதான்.

எரிச்சல் வரும்போது இந்த எண்ணை நினையுங்கள். அந்த 3 நிமிடத்தில் ஓடியது 2.8 மைல். அதை 70இல் ஓட்டியிருந்தால் உங்களுக்கு மிச்சமாகியிருப்பது 36 நொடி. லாரிக்காரருக்கோ மேடு வந்தால் முன்னால் இருக்கும் கனமான லாரி 45க்கு இறங்கிவிடும், அதற்குள் தாண்டிவிட வேண்டும் என்ற காரணம் பெரும்பாலும் இருக்கும்.

இந்த நேரத்தில் லாரியின் பின்புறத்தை ஒட்டிப் போகாதீர்கள். அவருடைய பக்கக் கண்ணாடியை நீங்கள் பார்க்க முடியாவிட்டால் அவரும் உங்களைப் பார்க்க முடியாது. முந்தும்போதும் லாரியின் நடுப்பகுதிக்குப் பக்கத்தில் தங்காமல் ஒரே ஓட்டமாகக் கடந்துவிடுங்கள். ஐரோப்பாவிலிருந்து வந்த லாரி என்றால் ஸ்டியரிங் இடப்பக்கம். அவருக்கு வலப்பக்கத்தில் மறைவிடம் பெரியது. பின்கதவில் நம்பர் பிளேட்டின் நாட்டு எழுத்தைப் பார்த்தாலே தெரியும்.

அறிகுறி: ஸ்லிப் ரோட்டிலிருந்து உள்ளே விடமாட்டேன் என்கிறார்கள்

விட வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இல்லை. மோட்டர்வேயில் ஏற்கனவே ஓடுகிறவருக்கே முன்னுரிமை. நுழைகிறவர்தான் பொருத்திக்கொள்ள வேண்டும். விலகிக் கொடுப்பது மரியாதை, அவ்வளவே.

தொல்லை பெரும்பாலும் ஸ்லிப் ரோட்டின் தொடக்கத்திலேயே உருவாகிறது. 45இல் இறங்கி, முடிவுக்கு வந்து, பிறகு வலப்பக்கம் பார்த்தால் எந்த இடைவெளியும் உங்களுக்குப் பொருந்தாது. இறங்கும்போதே தலையைத் திருப்பி லேன் 1ஐப் பாருங்கள். எந்த இரண்டு வண்டிக்கு நடுவே போகப்போகிறீர்கள் என்று அப்போதே முடிவு செய்து, அந்த இடைவெளியின் வேகத்துக்கு வாருங்கள். லாரி வரிசை என்றால் 56 போதும், 70 தேவையில்லை. முடிவில் நின்றுவிடுவதுதான் மிக மோசம். பூஜ்யத்திலிருந்து 60க்கு ஏற இடமே இருக்காது. நுழைந்ததும் சட்டென்று லேன் 2, 3 என்று தாவாமல், சாலையின் வேகம் பிடிபடும்வரை லேன் 1இலேயே இருங்கள்.

நீங்கள் லேன் 1இல் இருப்பவர் என்றால், முன்னால் ஜங்ஷன் பலகை தெரிந்ததுமே லேன் 2ஐக் கண்ணாடியில் பாருங்கள். காலி என்றால் விலகிக் கொடுத்து, நுழைவாயில் தாண்டியதும் திரும்பி வாருங்கள். காலி இல்லை என்றால் விலகாதீர்கள். வேகத்தைக் கொஞ்சம் மாற்றினால் போதும். ஒருவருக்கு உதவப் போய் லேன் 2காரருக்குக் குறுக்கே பாய்வதை அடிக்கடி பார்க்கிறேன்.

அறிகுறி: நான் விடும் இடைவெளியில் ஒவ்வொருவராக நுழைகிறார்கள்

நுழையட்டும். காலைத் தளர்த்தி மறுபடி இரண்டு நொடி விடுங்கள். ஒவ்வொரு காருக்கும் உங்களுக்கு ஆகும் செலவு அந்த இரண்டு நொடிதான். இருபது பேர் நுழைந்தாலும் ஒரு நிமிடம் ஆகாது.

அறிகுறி: வெளியேறும் இடத்தில் ஒருவர் மூன்று லேனையும் வெட்டிப் பாய்கிறார்

இது திடீரென்று நடப்பதுபோல் தோன்றும், ஆனால் முன்னறிவிப்பு உண்டு. வெளியேறும் வழிக்கு 1 மைல், அரை மைல் முன்னால் பலகைகள். பிறகு 300, 200, 100 கெஜத்தில் மூன்று கோடு, இரண்டு கோடு, ஒரு கோடு போட்ட சிறு பலகைகள். மூன்று கோட்டுப் பலகை வரும்போது லேன் 2இலோ 3இலோ ஒரு கார் காரணமில்லாமல் வேகம் குறைத்தால், அல்லது தன் லேனின் இடது ஓரத்துக்கு நகர்ந்தால், பாயப்போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குப் பக்கத்தில் மட்டும் இருக்காதீர்கள். முன்னாலோ பின்னாலோ, தெளிவாக விலகிவிடுங்கள். வாடகைக் காரும் போனில் வழி பார்க்கும் வேனும் என்றால் கூடுதல் கவனம்.

பாய வேண்டிய நிலையில் நீங்கள் இருந்தால் பாயாதீர்கள். அடுத்த ஜங்ஷனில் இறங்கித் திரும்புங்கள். ஹார்ட் ஷோல்டரில் (லேன் 1க்கு இடப்பக்கம், அவசரத்துக்கு மட்டும் நிற்க உள்ள ஓரப்பகுதி) நிறுத்தி யோசிப்பது, பின்னுக்கு எடுப்பது இரண்டும் சட்ட விரோதம். சில இடங்களில் லேன் 1 முழுவதுமே வெளியேறும் வழியாகப் பிரிந்துவிடும். மேலே உள்ள பலகையில் உங்கள் லேனுக்கு எந்த ஊர் என்று பார்க்காமல் போனால், வேண்டாத எம் எண்ணில் இருபது மைல் போக வேண்டி வரலாம்.

அறிகுறி: லேன் மூடுகிறார்கள், ஒருவர் காலி லேனில் கடைசிவரை வந்து நுழைகிறார்

வரிசையில் நிற்பது பிரிட்டனில் ஒரு மதம். அதனால் லேன் 3 மூடப்போகிறது என்று பலகை பார்த்ததும் ஒரு மைலுக்கு முன்பே எல்லோரும் லேன் 2இல் அடைந்து நிற்பார்கள். காலி லேனில் வருகிறவரைப் பார்த்து முறைப்பார்கள். உண்மையில் அவர் செய்வதுதான் சரி. வண்டிகள் ஊர்ந்து நகரும்போது இரண்டு லேனையும் முடிவுவரை பயன்படுத்தி, ஒன்றுக்கு ஒன்று மாறி மாறிச் சேரச் சொல்கிறது 134ஆம் விதி. வேகமாக ஓடும்போது அது பொருந்தாது. அப்போது இடைவெளி கிடைத்ததும் முன்பே மாறிவிடுங்கள்.

நீங்கள் நகராமல் நிற்கும் லேனில் இருந்தால், சேரும் இடத்தில் ஒருவரை விடுங்கள், ஒருவரை மட்டும். அடுத்தவருக்கு உங்கள் பின்னால் இருப்பவர் விடுவார். காலி லேனைத் தன் லாரியால் மறித்துக்கொண்டு காவல் நிற்கும் லாரிக்காரர் வந்தால் அவரைச் சுற்றிப் போக முயலாதீர்கள். கூம்புகளுக்கும் சக்கரத்துக்கும் நடுவே உங்கள் கதவுக்கு இடம் இல்லை.

அறிகுறி: சிவப்பு எக்ஸ் போட்ட லேனில் ஒருவர் பறக்கிறார்

ஹார்ட் ஷோல்டர் இல்லாத ஸ்மார்ட் மோட்டர்வேக்களில் மேலே உள்ள பலகையில் லேனுக்கு நேரே சிவப்பு எக்ஸ் விழுந்தால் அந்த லேன் மூடிவிட்டது. முன்னால் பழுதான கார் நிற்கலாம், அதற்குள் ஆள் இருக்கலாம். எக்ஸைப் பார்த்ததும் வெளியே வந்துவிடுங்கள், அடுத்த பலகை வரை பார்ப்போம் என்று இருக்க வேண்டாம். 2019 முதல் கேமராவே இதைப் பிடிக்கிறது: 100 பவுண்டு, 3 பாயிண்ட்.

பறக்கிறவர் கடைசியில் உங்கள் முன்னால் நுழையக் கெஞ்சுவார். விட்டுவிடுங்கள். நீங்கள் விடாவிட்டால் அவர் போய் மோதப்போவது அந்தப் பழுதான காரில்.

அறிகுறி: ஒருவர் உங்களைத் துரத்துகிறார், முன்னால் வந்து பிரேக் போடுகிறார்

இதற்குமேல் இது லேன் ஒழுங்கு பற்றியது அல்ல. கண்ணைப் பார்க்காதீர்கள், கையைக் காட்டாதீர்கள், மன்னிப்புக் கேட்கும் சைகைகூட வேண்டாம்; எதையும் தப்பாகத்தான் எடுத்துக்கொள்வார். லேன் 1க்கு வந்து ஒரு லாரிக்குப் பின்னால் நான்கு நொடி விட்டுப் போங்கள். 56இல் போகிறவனைத் துரத்த யாருக்கும் பொறுமை இருக்காது. விடவில்லை என்றால் அடுத்த சர்வீஸ் ஸ்டேஷனில் (மோட்டர்வே ஓர ஓய்விடம்), ஆட்கள் நடமாடும் கடை வாசலுக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள். கதவைத் திறக்க வேண்டாம். உயிர்பயம் என்றால் 999. ஓட்டிக்கொண்டே போனைக் கையில் எடுக்காதீர்கள், பக்கத்தில் இருப்பவர் பேசட்டும். அவசர அழைப்பு அல்லாத வேறெதற்கும் கையில் போன் என்றால் 200 பவுண்டும் 6 பாயிண்டும், அதாவது புது டிரைவருக்கு ஒரே அடியில் லைசென்ஸ் போச்சு. ஹார்ட் ஷோல்டரில் மட்டும் இறங்கி வாக்குவாதம் செய்யாதீர்கள்.

எப்போது புகார் செய்யலாம்

வெறும் நடு லேன் ஆசாமியை வீடியோ எடுத்து அனுப்புவதில் பலன் குறைவு. நூலிழையில் மோதாமல் தப்பியது, லேனை வெட்டி மற்றவரைப் பிரேக் போட வைத்தது, முன்னால் வந்து வேண்டுமென்றே பிரேக் போட்டது: இவற்றை அனுப்பலாம். டாஷ்கேம் வீடியோவைப் போலீசாரின் இணையப் பக்கங்களில் ஏற்றலாம். சம்பவம் எந்த மாவட்டத்தில் நடந்ததோ அங்குள்ள போலீஸ். வண்டியின் உரிமையாளருக்குப் போலீசார் 14 நாட்களுக்குள் நோட்டீஸ் அனுப்பியாக வேண்டும் என்பதால் ஓரிரு நாளில் அனுப்புங்கள். வெட்டிச் சுருக்காமல், சம்பவத்துக்கு முன்னும் பின்னும் ஒரு நிமிடமாவது இருக்கட்டும். வாட்ஸ்அப் குழுவில் சுற்றவிட்டபின் போலீசாருக்கு அனுப்பினால் வழக்கில் சிக்கல் வரும். கேமராவில் தேதியும் மணியும் சரியாக இருக்கின்றனவா என்று இப்போதே பாருங்கள். மார்ச்சிலும் அக்டோபரிலும் கடிகாரம் மாறும்போது பல கேமராக்கள் தானாக மாறுவதில்லை. அனுப்புமுன் முழு வீடியோவையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள், ஏனென்றால் அதில் உங்கள் வேகமும் உங்கள் இடைவெளியும் சேர்ந்தே பதிவாகியிருக்கும்.